மூச்சைப் பார், அப்புறம் நம்பரைப் பார்: உடம்பின் அமில-கார சமநிலை, அடிப்படையிலிருந்து ஏ.பி.ஜி. ரிப்போர்ட் படிப்பது வரை

குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தபோது வீட்டில் எல்லோரும் அது ஆஸ்துமா என்றே நினைத்தார்கள். பக்கத்து கிளினிக்கில் நெபுலைசர் வைத்து அனுப்பியும்விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது நெஞ்சில் விசில் சத்தமே இல்லை, காற்று தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் மூச்சு மட்டும் ஆழமாக, வேகமாக, இடைவெளியே இல்லாமல், வள்ளிமலை படி ஏறி வந்தவர் போல இருந்தது. அவரோ காலையிலிருந்து கட்டிலை விட்டு இறங்கவில்லை. விசாரித்தால் கல்யாண வேலையில் நாலு நாளாக இன்சுலின் போடவில்லையாம். வேலூருக்குக் கூட்டிவந்து மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பி.எச். 7.15. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை. ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது, அதை ஈடுகட்ட உடம்பு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

நான் நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் சொல்லித்தருகிறேன். அமில-கார சமநிலை என்றாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சூத்திரங்களை மனப்பாடம் செய்து பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். நாலு விஷயத்தை வரிசையாகப் புரிந்துகொண்டால் பயப்பட ஒன்றுமில்லை: அமிலம் எங்கிருந்து வருகிறது, அதை யார் தாங்குகிறார்கள், யார் வெளியேற்றுகிறார்கள், இதெல்லாம் ஏ.பி.ஜி. என்ற தமனி ரத்த வாயுப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் எப்படித் தெரியும். அந்த வரிசையிலேயே போகலாம்.

முதலில், எதை அளக்கிறோம்?

பி.எச். என்ற அளவை 1909-இல் கொண்டுவந்தவர் சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். கரைசலில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனி எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது, ஆனால் தலைகீழாக: அயனி கூடினால் பி.எச். இறங்கும். அதோடு அது மடக்கை அளவு. பி.எச். 0.3 இறங்கினால் அமிலம் கொஞ்சம் கூடியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு மடங்காகியிருக்கிறது. 7.4-இல் லிட்டருக்கு 40 நானோமோல், 7.1-இல் 80.

அந்த 40 நானோமோல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் இருக்கிறது, அதாவது ஹைட்ரஜன் அயனியைப் போல 35 லட்சம் மடங்கு. இத்தனை குறைவாக இருக்கும் ஒன்றை உடம்பு 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கக் காரணம், ஹைட்ரஜன் அயனி புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் புரதத்தின் மின்னேற்றம் மாறும், வடிவம் மாறும், நொதி வேலை செய்யாது, இதயத்தசை சரியாகச் சுருங்காது. 6.8-க்குக் கீழேயோ 7.8-க்கு மேலேயோ போனால் பெரும்பாலும் உயிர் தங்குவதில்லை.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக்காரர்களுக்கு பி.எச். புதிய விஷயமில்லை. டேனரியில் தோல் சுண்ணாம்பில் ஊறும்போது பி.எச். 12 வரை போகும், அப்புறம் பிக்கிள் போடும்போது 3 வரை இறங்கும், பிறகு சோடா பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மறுபடி ஏற்றுவார்கள். உயிர் போன தோல் என்பதால் இத்தனை தூரம் போய் வர முடிகிறது. அதே தோல் உயிரோடு இருந்தபோது உள்ளே ஓடிய ரத்தத்தால் 0.3 மாற்றத்தைக்கூட எளிதில் தாங்கியிருக்க முடியாது.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

சாப்பாட்டின் புளிப்பிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எலுமிச்சைச் சாற்றின் சிட்ரிக் அமிலத்தை உடம்பு எரித்து நீரும் கரியமில வாயுவுமாக ஆக்கிவிடும், அதோடு வரும் சிட்ரேட் உப்பு கடைசியில் பைகார்பனேட்டாக, அதாவது காரமாக மாறும்.

உண்மையான அமிலம் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு செல்லும் எரிபொருளை எரிக்கும்போது வரும் கரியமில வாயு. ஒரு நாளைக்குச் சுமார் 15,000 மில்லிமோல். நீரோடு சேர்ந்தால் இது கார்பானிக் அமிலம், ஆனால் வாயுவாக மாறிப் பறந்துவிடக்கூடியது. இரண்டாவது, பறக்காத அமிலம்: முட்டை, கறி, பருப்பு என்று சாப்பிடும் புரதத்தில் உள்ள கந்தகம் சல்ஃப்யூரிக் அமிலமாகிறது, கூடவே பாஸ்ஃபாரிக் அமிலமும் கொஞ்சம். கிலோ எடைக்குச் சுமார் 1 மில்லிமோல், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 60. முதலாவதோடு ஒப்பிட்டால் இது துளி. ஆனால் மூச்சில் போகாது, சிறுநீரில்தான் போயாக வேண்டும்.

தாங்கல்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'தாங்கல் கரைசல்' என்று படித்திருப்பீர்கள். நம் வட மாவட்டங்களில் தாங்கல் என்றால் சின்ன ஏரி, வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்று ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. எனக்கு இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றுதான் என்று தோன்றும். திடீர் மழையில் வரும் வெள்ளத்தை ஏரி வாங்கிக்கொள்வதால் ஊர் மூழ்குவதில்லை. ஆனால் வாங்கிய தண்ணீரை ஏரி மாயமாக்கிவிடாது. நிரம்பினால் கோடி (உபரித் தண்ணீர் வழியும் இடம்) போக வேண்டும், மதகு திறக்க வேண்டும். உடம்பில் தாங்கல் பொருள்கள்தான் ஏரி, நுரையீரல் கோடி, சிறுநீரகம் மதகு.

ரத்தத்தின் முக்கியமான தாங்கல் பைகார்பனேட். ஹைட்ரஜன் அயனி வந்தால் பைகார்பனேட் அதைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகிறது, அது உடனே நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இதை நொடிக்குப் பத்து லட்சம் தடவை வரை செய்யும் வேகம் கொண்டது. சிவப்பணுவில் இன்னொரு அழகான ஏற்பாடும் உண்டு: ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின், முன்னைவிட அதிகமாக ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ளும். திசுவில் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு அங்கிருக்கும் அமிலத்தைச் சுமந்துகொண்டு நுரையீரலுக்குத் திரும்புகிறது. வந்த வண்டி காலியாகப் போவதில்லை. இவை தவிர செல்லுக்குள் புரதமும் பாஸ்பேட்டும், நாள்பட்ட நிலையில் எலும்பும்கூடத் தாங்கலாக வேலை செய்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு எலும்பு தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரே ஒரு கணக்கு. பைகார்பனேட் இயல்பாக லிட்டருக்கு 24 மில்லிமோல். கரியமில வாயுவின் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம், அதை 0.03-ஆல் பெருக்கினால் ரத்தத்தில் கரைந்திருக்கும் அளவு 1.2. இரண்டுக்கும் விகிதம் 20:1. பி.எச். என்பது 6.1-ஓடு இந்த விகிதத்தின் மடக்கையைக் கூட்டினால் வருவது. 20-இன் மடக்கை 1.3, கூட்டினால் 7.4. இதுதான் ஹென்டர்சன், ஹேசல்பால்க் இருவர் பெயரிலும் உள்ள சமன்பாடு. சமன்பாடு மறந்தால் பரவாயில்லை, விகிதம் மறக்கக் கூடாது. மேலே இருப்பது பாதியானாலும் கீழே இருப்பதும் பாதியானால் பி.எச். அசையாது. ஈடுகட்டுதல் என்று சொல்வதெல்லாம் இந்த விகிதத்தைக் காப்பாற்றும் முயற்சிதான்.

கோடி: நுரையீரல்

ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் அது மூளைத் திரவத்துக்குள் சுலபமாக ஊடுருவி அங்கே அமிலமாகும், முகுளத்தில் உள்ள உணர்விகள் அதை உணர்ந்து மூச்சைக் கூட்டும். ரத்தத்தில் நேரடியாகச் சேரும் அமிலத்தைக் கழுத்துத் தமனியருகே இருக்கும் கரோட்டிட் உணர்விகள் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடும். மூச்சு மாறுவது நிமிடங்களில் தொடங்கி அரை நாள், ஒரு நாளில் முழு அளவுக்கு வரும்.

கோடி திறந்திருப்பதுதான் இந்தத் தாங்கலின் பலமே. பைகார்பனேட் ஒவ்வொரு முறை அமிலத்தைப் பிடிக்கும்போதும் கரியமில வாயு உண்டாகிறது. அது உள்ளேயே தங்கினால் விகிதம் சீக்கிரம் சாய்ந்துவிடும். மூச்சில் உடனே போய்விடுவதால்தான் பைகார்பனேட்டால் தொடர்ந்து வேலை செய்ய முடிகிறது. பெரியம்மாவின் அந்த ஆழமான மூச்சு இதுதான். 1874-இல் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் சர்க்கரை நோயாளிகளிடம் கவனித்து எழுதியதால் குஸ்மால் மூச்சு என்கிறோம். சர்க்கரை நோய் இருப்பவர், காய்ச்சல் வயிற்றுப்போக்கில் சோர்ந்தவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், இவர்களில் யாராவது விசில் சத்தம் இல்லாமல் ஆழமாக வேகமாக மூச்சு விட்டால் தயவுசெய்து வீசிங் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரையைப் பாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மதகு: சிறுநீரகம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுகிறது. லிட்டருக்கு 24 என்றால் 4,300 மில்லிமோலுக்கு மேல் பைகார்பனேட் அதோடு வெளியே வருகிறது. அதை விட்டுவிட்டால் ஒரே நாளில் ஆள் காலி. ஆகவே முதல் வேலை, வடிந்த பைகார்பனேட்டை ஏறக்குறைய முழுவதும் திரும்ப உறிஞ்சுவது. இதில் 80 முதல் 90 சதவீதம் சிறுநீர்க்குழலின் முதல் வளைவிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது வேலை, அந்த 60 மில்லிமோல் பறக்காத அமிலத்தை வெளியேற்றி, அதைத் தாங்கியதில் செலவான பைகார்பனேட்டைப் புதிதாக உண்டாக்குவது. சிறுநீரின் பி.எச். எவ்வளவு இறங்கினாலும் 4.5-க்குக் கீழே போகாது. அந்த 4.5-இல்கூட ஒரு லிட்டர் சிறுநீரில் தனியாக இருக்கக்கூடிய ஹைட்ரஜன் அயனி 0.03 மில்லிமோல்தான். 60 மில்லிமோலை அப்படியே அனுப்ப வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு சுமார் 2,000 லிட்டர் சிறுநீர் போக வேண்டும். நாம் போவதோ ஒன்றரை லிட்டர். எப்படி முடிகிறது?

அமிலத்தை ஏதாவது ஒன்றின் மேல் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். ஒரு பகுதி பாஸ்பேட்டின் மேல் ஏறிப் போகிறது. பெரிய பகுதி அம்மோனியாவின் மேல். குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைச் சிறுநீரகமே உடைத்து அம்மோனியம் செய்கிறது, உடைக்கும்போது கிடைக்கும் புதிய பைகார்பனேட் ரத்தத்துக்குத் திரும்புகிறது. பாஸ்பேட்டின் அளவு சாப்பாட்டைப் பொறுத்தது, அம்மோனியத்தையோ தேவைப்பட்டால் பல மடங்கு கூட்டிக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு நொதிகள் கூட வேண்டும், நேரம் வேண்டும், 3 முதல் 5 நாள் ஆகும். நுரையீரலுக்கு நிமிடம், சிறுநீரகத்துக்கு நாள். ரிப்போர்ட் படிக்கும்போது இந்த நேரக் கணக்குதான் நோய் புதிதா பழையதா என்று காட்டிக்கொடுக்கும்.

இப்போது ரிப்போர்ட்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கும் எத்தனையோ பேர் அந்தச் சின்னத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார்கள். வைத்தியம் முடிவு செய்வது டாக்டர் வேலை, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது எல்லோருக்கும் உரிமை.

தாளுக்கு முன்னால் ரத்தம். மணிக்கட்டுத் தமனியில் எடுக்கும்போது சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் கரியமில வாயு குறைந்தும் ஆக்சிஜன் மாறியும் காட்டும். ரத்தம் உறையாமல் இருக்க சிரிஞ்சில் சேர்க்கும் ஹெப்பாரின் கூடினாலும் எண்கள் பொய்யாகும். எடுத்த ரத்தத்தில் செல்கள் இன்னும் உயிரோடு சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கிக்கொண்டிருக்கும், அதனால் அரை மணி நேரத்துக்குள் மெஷினுக்குப் போய்விட வேண்டும்.

முதல் படி, பி.எச். பாருங்கள். 7.35-க்குக் கீழே என்றால் ரத்தம் அமிலப் பக்கம், 7.45-க்கு மேலே என்றால் காரப் பக்கம். பெரியம்மாவுக்கு 7.15.

இரண்டாவது, யார் காரணம்? கரியமில வாயு 35 முதல் 45 வரை இயல்பு, பைகார்பனேட் 22 முதல் 26. பி.எச். போகும் திசைக்கு எது பொருந்துகிறதோ அதுதான் மூலம். அவருக்குக் கரியமில வாயு 18, பைகார்பனேட் 6. கரியமில வாயு குறைந்தால் பி.எச். ஏற வேண்டும், இங்கே இறங்கியிருக்கிறது, அப்படியானால் அது காரணம் இல்லை. பைகார்பனேட் 6 என்பதுதான் காரணம். இது மெட்டபாலிக் அசிடோசிஸ், அதாவது மூச்சுக் கோளாறால் இல்லாமல் பைகார்பனேட் குறைந்து ரத்தம் அமிலமாவது.

மூன்றாவது, ஈடு சரியா? மெட்டபாலிக் அசிடோசிஸில் எதிர்பார்க்கும் கரியமில வாயு, பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால் வருவது, 2 முன்னே பின்னே இருக்கலாம். 6-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 9, கூட 8, ஆக 17. அவருக்கு 18. சரி, நுரையீரல் தன்னால் முடிந்ததைச் செய்கிறது. இதுவே 30 என்று வந்திருந்தால் மூச்சுத் தசை களைத்துவிட்டது என்று அர்த்தம், உடனே கவனிக்க வேண்டும்.

நாலாவது, அனயான் கேப். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள், இயல்பு சுமார் 8 முதல் 12. அவருக்கு 132-இலிருந்து 98-ம் 6-ம் கழித்தால் 28. எங்கிருந்தோ புது அமிலம் ரத்தத்துக்குள் வந்திருக்கிறது. அவருக்கு அது கீட்டோன், இன்சுலின் இல்லாதபோது கொழுப்பு உடைந்து வரும் அமிலம். லாக்டிக் அமிலம், சிறுநீரகச் செயலிழப்பு, மெத்தனால் போன்ற நஞ்சு ஆகியவையும் கேப்பைக் கூட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மெத்தனால் இந்த வகைதான்: கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்கும், அது பார்வை நரம்பையும் தாக்கும்.

கேப் கூடாமலும் அசிடோசிஸ் வரும். அப்போது பைகார்பனேட் வெளியே கொட்டியிருக்கும், அல்லது சிறுநீரகம் அமிலத்தை அனுப்ப மறுத்திருக்கும். கொட்டுவதற்கு உதாரணம் வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட் இருப்பது இதற்காகத்தான், கல்லீரல் அதைப் பைகார்பனேட்டாக்கிக் கொடுக்கும். அனுப்ப மறுப்பதற்கு எங்கள் வட்டாரத்திலேயே ஒரு துயரமான உதாரணம், ஒடுவந்தழை என்ற இலையின் நஞ்சு. முதல் நாள் ஆள் நன்றாகப் பேசுவார், நடப்பார். உள்ளே சிறுநீர்க்குழல் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் தடுமாறும், பொட்டாசியம் இறங்கும், அப்புறம் இதயத் துடிப்பு தவறும். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் இழந்த குடும்பங்கள் உண்டு. எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, பல நாள் கண்காணிப்பு. மனம் உடைந்து இருக்கிறவர்களுக்கு 104-இல் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

கடைசிப் படி, தாளைக் கீழே வைத்துவிட்டு நோயாளியின் கதையைக் கேளுங்கள். இதைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு 1952 கோபன்ஹேகன் போலியோ சாட்சி. மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் மிக அதிகமாக இருந்தது, டாக்டர்கள் அதை ஏதோ விளங்காத அல்கலோசிஸ் (ரத்தம் காரமாவது) என்று எடுத்துக்கொண்டார்கள். ப்யோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர்தான், இல்லை, மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கியிருக்கிறது, பைகார்பனேட் அதற்கு ஈடு என்று வாதாடினார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் குழாய் வைத்துக் கையால் காற்றடித்துக் காட்டினார். அப்புறம் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, வாரக்கணக்கில் கையாலேயே நோயாளிகளுக்கு மூச்சு கொடுத்தார்கள். ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த மாணவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்னும் மூன்று தாள்கள், வேகமாக

நாலு நாளாக வாந்தி. பி.எச். 7.50, கரியமில வாயு 46, பைகார்பனேட் 35. வயிற்று அமிலம் வெளியே போனதால் மெட்டபாலிக் அல்கலோசிஸ், நுரையீரல் மூச்சைக் கொஞ்சம் அடக்கி ஈடுகட்டுகிறது. உப்புநீரும் பொட்டாசியமும் ஏற்றினால் சிறுநீரகம் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும்.

நாற்பது வருஷம் பீடி குடித்தவர். பி.எச். 7.36, கரியமில வாயு 60, பைகார்பனேட் 33. கரியமில வாயு 10 கூடினால் புதிதாக வந்த நோயில் பைகார்பனேட் 1 கூடும், பழைய நோயில் சுமார் 4 கூடும். இங்கே 20-க்கு 9, ஆகவே பழையது, சிறுநீரகம் நாட்கணக்கில் வேலை செய்து ஈடுகட்டியிருக்கிறது. இவருக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கக் கூடாது, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும்.

பதற்றத்தில் படபடவென்று மூச்சு விடும் இளம்பெண், விரல்கள் இழுத்துக்கொள்கின்றன. கரியமில வாயு இறங்கி பி.எச். ஏறியதும் கால்சியம் புரதத்தோடு அதிகம் ஒட்டிக்கொள்கிறது, தனியாகத் திரியும் கால்சியம் குறைவதால் அந்த இழுப்பு. காகிதப் பை வைத்து மூச்சு விடச் சொல்லாதீர்கள். காரணம் நுரையீரல் அடைப்போ சர்க்கரையோ என்றால் அது ஆபத்து.

கார நீர், அல்கலைன் வாட்டர் என்று பாட்டில் விற்கிறார்களே, அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். வயிற்றின் பி.எச். 1.5 முதல் 3.5, முதல் தடை அங்கேயே. மீறி ரத்தத்தில் சேரும் கொஞ்சம் காரத்தைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். மாறுவது சிறுநீரின் பி.எச்.தான், ரத்தத்தினுடையது இல்லை. அந்தக் காசில் இரண்டு வேளை காய்கறி வாங்கலாம்.

பெரியம்மாவுக்கு சோடா பைகார்பனேட் ஏற்றவில்லை. கீட்டோன் அசிடோசிஸில் பி.எச். 7.0-க்கும் கீழே போனால்தான் அதை யோசிப்பார்கள். உப்புநீர், இன்சுலின், பொட்டாசியம், அவ்வளவுதான். இன்சுலின் போனதும் புதிய கீட்டோன் உண்டாவது நிற்கும், இருப்பதில் ஒரு பங்கு எரிந்து பைகார்பனேட்டாகத் திரும்பும், இன்னொரு பங்கு சிறுநீரில் போய்விடும். மறுநாள் காலைத் தாளில் பி.எச். 7.33, கரியமில வாயு 31, பைகார்பனேட் 16, சோடியம் 138, குளோரைடு 110. கழித்துப் பாருங்கள், கேப் 12. மீதியிருந்த குறையை அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் நிரப்பிக்கொள்ளும் என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு 16 மூச்சு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன்.